அறுபதாம்படியில் மூன்று பேர்

திருச்செங்கோட்டு மலைக்குப் போகலாம் என்று சொன்னது அக்சிலியாதான். கார் போகும் பாதை வேண்டாம், படி வழியாகவே ஏறலாம், அறுபதாம்படியில் மூன்று பேரும் சத்தியம் செய்து இந்தப் பேச்சுக்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று சொன்னதும் அவள்தான். ஆகவே பின்னால் நடந்ததற்கு வேறு யாரையும் கைகாட்ட அவளுக்கு வழியில்லை.

அறுபதாம்படி என்றால் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. வரப்புத் தகராறோ பங்காளிச் சண்டையோ, ஊர்க்கூட்டத்தில் தீராத எதுவானாலும் “அறுபதாம்படிக்கு வாரியா?” என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும். மலையில் பாதித் தூரத்துக்கு மேல், அறுபது படிகளாகத் தொடர்ந்து ஏறும் இடத்தில் இருக்கும் அந்தப் படியில் கற்பூரம் ஏற்றிச் சொன்ன சொல்லுக்கு மேல் பேச்சு கிடையாது. தப்பு செய்தவர் அதுவரை வராமல் வழியிலேயே திரும்பிவிடுவார் என்பார்கள். அக்சிலியா சேலம் அரிசிபாளையத்துக் கிறிஸ்தவப் பெண். அந்தப் படியில் அவளுக்கு நம்பிக்கை இருந்தாக வேண்டும் என்பதில்லை. பாவாயிக்கு இருக்கிறதே, அது போதும் என்று நினைத்தாள்.

ஏனென்றால் தப்பு பாவாயியுடையது என்பதில் அக்சிலியாவுக்குத் துளி சந்தேகமும் இல்லை. பொதுவாகவே அவளுக்குச் சந்தேகம் என்ற ஒன்று வருவது குறைவு. இருபது வருடமாக இன்சூரன்ஸ் பாலிசி பிடிக்கிறவள். வேண்டாம் என்று வாசலிலேயே சொல்கிறவர்களிடம் தண்ணீர் வாங்கிக் குடித்து, உள்ளே போய் உட்கார்ந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் எழுவாள். அப்படி ஒரு பாலிசிக்காகத்தான் பள்ளிபாளையத்தில் அனிதாவின் தறிப்பட்டறைக்குள் ஆறு வருடத்துக்கு முன்னால் நுழைந்தாள். பாலிசியும் கிடைத்தது, அனிதாவும் கிடைத்தாள். அனிதாவோடு சேர்த்து, வெப்படைப் பக்கம் மஞ்சள் விளையும் காடு வைத்திருக்கும் பாவாயியும் கிடைத்தாள்.

அதிலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் எங்காவது ஒரு மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஏற்காடு, கஞ்சமலை, நைனாமலை, சங்ககிரிக் கோட்டை, கொல்லிமலை என்று சுற்றாத இடமில்லை. யாருடைய முறையோ அவர் சொல்கிற இடம். அக்சிலியாவின் முறை வந்தால் பெரும்பாலும் ஒரு தேவாலயம் இருக்கும். பாவாயி அங்கே மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றி, “இந்த வருசம் மஞ்சளுக்கு நல்ல வெலை கெடைக்கோணும் தாயே” என்று எல்லோருக்கும் கேட்கும்படியே வேண்டிக்கொள்வாள். ஞாயிறு முழுவதும் கையில் இருக்க வேண்டும் என்று அக்சிலியா சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கே போய்விடுவாள். அவளுடைய கணவர் ஆண்ட்ரூஸ், “நீ கோவிலுக்குப் போறதே ஊர் சுத்தத்தான்” என்று சிரிப்பார். அவர் சொல்வதில் பொய்யில்லை. அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற இருபத்தொன்பது நாளும் அவள் மாடிப்படி ஏறி இறங்கினாள்.

கார் அனிதாவுடையது. ஓட்டுவது அனிதாவின் மகள் கிருத்திகா. ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு நூற்பாலை ஒன்றில் தரப் பரிசோதனையில் இருக்கிற இருபத்து நான்கு வயதுப் பெண். மூன்று பெண்களையும் ஏற்றிக்கொண்டு அலுக்காமல் மலைமலையாக ஓட்டுவாள். ஆனால் ஒரு வழக்கம் உண்டு. திரும்பும்போது பள்ளிபாளையம் எல்லை வந்ததும் காரை ஓரங்கட்டச் சொல்லி, அக்சிலியாவை ஸ்டியரிங்குக்கு மாறச் சொல்வாள் அனிதா. ஊருக்குள் நெரிசல், பெண்ணுக்குப் பழக்கம் இல்லை என்பாள். எழுபது கொண்டை ஊசி வளைவை ஓட்டி வந்தவளுக்கு ஒரு கடைவீதியா நெரிசல் என்று அக்சிலியா ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததில்தான் மண் விழுந்தது. கிருத்திகாவுக்குச் சங்ககிரியில் ஓர் இடம் பார்த்தார்கள். பையன் பெயர் கௌசிக். லாரி வைத்திருக்கும் குடும்பம். ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்துப் போய், பூ வைக்க நாள் பார்க்கிற நேரத்தில் அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். தரகர் தனபால் அனிதாவிடம் போனில் சொன்னார்: “உங்களோட மலைக்குப் போற சினேகிதி ஒருத்தர்கிட்ட விசாரிச்சாங்களாம். அங்க ஏதோ காதுல விழுந்திருக்குதுங்க.”

மலைக்குப் போகிற சினேகிதி என்றால் இரண்டே பேர்தான். அனிதா அன்றே அக்சிலியாவை அழைத்துக் கேட்டாள்: “எம் பொண்ணப் பத்தி நீ ஏதாச்சும் கொறை சொன்னியா?”

“ஒரு குறையும் சொல்லல. சொல்றதுக்கு அவகிட்ட என்ன குறை இருக்கு?” என்றாள் அக்சிலியா. அதில் எள்ளளவும் பொய்யில்லை.

ஆனால் ஒன்றை அவள் சொல்லவில்லை. சங்ககிரியிலிருந்து இரண்டு பெண்கள் ஒரு வியாழக்கிழமை அவள் வீட்டுக்கும் வந்திருந்தார்கள். டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது, “நாங்க விசாரிச்சுட்டுப் போனது பொண்ணு ஊட்டுக்குத் தெரிய வேண்டாமுங்க, தப்பா நெனச்சுக்குவாங்க” என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார்கள். பெண் விசாரிக்கப் போகிற எல்லோரும் கேட்டுக்கொள்வதுதான். அக்சிலியா சொன்ன சொல் தவறாதவள். அதனால் அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, அவர்கள் பாவாயி வீட்டுக்கும் போயிருப்பார்கள், அந்த அக்காதான் எதையோ உளறியிருக்கும் என்று முடிவுகட்டினாள். பாவாயிக்குச் சங்ககிரியில் உறவு வேறு இருந்தது. அனிதாவும் அதையே நினைத்தாள். இரண்டு வாரமாகப் பாவாயியோடு பேச்சை நிறுத்தினாள். பாவாயி கொடுத்தனுப்பிய முருங்கைக்காய்க் கட்டு தறிப்பட்டறை வாசலிலேயே கிடந்து காய்ந்தது.

இதுதான் அக்சிலியாவைச் சுட்டது. மூன்று பேரில் ஒருத்தி போனால் மீதி இரண்டு பேர் சேர்ந்து எந்த மலைக்கும் போகப்போவதில்லை. ஆறு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் இதோடு முடிந்துவிடும். பாவாயி ஒப்புக்கொண்டால் இரண்டு நாள் அழுகை, மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும் என்று அவள் நம்பினாள். ஆகவேதான் அறுபதாம்படி.

ஞாயிறு காலை ஆறரைக்கு மலையடிவாரத்தில் கார் நின்றது. வழக்கமாக வரும் வழியெல்லாம் வாய் ஓயாது. அன்றைக்கு அக்சிலியா ஒருத்தி மட்டும் பேசிக்கொண்டு வந்தாள். சேலத்திலிருந்து தட்டுவடை செட்டுக்கு எல்லாம் எடுத்து வந்திருப்பதாகச் சொன்னாள். பீட்ரூட் துருவல் தனியாக, சட்னி தனியாக. யாரும் நாக்கைச் சப்புக்கொட்டவில்லை. பாவாயி இறங்கியதும் மடியிலிருந்து கற்பூரப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள்.

“நானே வாங்கியாந்துட்டனுங்க. கடைக்குன்னு நிக்க வேண்டாம்” என்றாள். அனிதாவுக்கு நேராகச் சொல்லாமல் படியைப் பார்த்துச் சொன்னாள்.

ஏறத் தொடங்கினார்கள். பாவாயி முன்னால், பின்னால் அனிதாவும் அக்சிலியாவும், கடைசியில் தண்ணீர்ப் பையோடு கிருத்திகா. ஐம்பது வயதிலும் பாவாயிக்கு மூச்சு வாங்கவில்லை. பாறையில் செதுக்கிய பெரிய பாம்புக்குக் குங்குமம் போட்டுக் கும்பிட்டுவிட்டு விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தாள். தப்பு செய்தவள் இப்படி ஏறுவாளா என்று அக்சிலியாவுக்கு முதல் தடவையாக ஒரு நெருடல் வந்தது. நெஞ்சழுத்தக்காரி என்று சொல்லி அதைத் தள்ளிவிட்டாள்.

ஒரு மண்டபத்தில் நின்று தண்ணீர் குடித்தார்கள். அனிதா முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாவாயிக்குக் கேட்கும்படியே அக்சிலியாவிடம் சொன்னாள்:

“தனபால் அண்ணன் என்ன சொன்னாருன்னு நான் முழுசா யாருக்கும் சொல்லல. சொல்றதுக்கே வாய் கூசுது. முப்பத்தெட்டாவது வளைவுல, கொட்டற மழையில, பஸ்ஸுக்கு எடம் உடறதுக்காக ஒரு வளைவு முழுக்கப் பின்னாலயே ஏத்துன பொண்ணாம். லாரிக்காரனே கைய வெளிய நீட்டி சல்யூட் அடிச்சானாம். ‘இப்பிடி ஒரு பொண்ணு எங்க ஊட்டுக்குள்ள அடங்கி இருக்குமா?’ன்னு கேட்டாங்களாம்.”

அக்சிலியா தண்ணீர்ப் பாட்டிலை மூட மறந்து நின்றாள்.

நான்கு மாதத்துக்கு முன்னால் கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது நடந்தது அது. மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று வளைவில் பழுதாகி நின்றது. கீழிருந்து பஸ் ஏறி வந்தது. மழையில் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. கிருத்திகா ஒரு வார்த்தை பேசாமல் காரைப் பின்னாலேயே ஏற்றி, பஸ்ஸுக்கு வழிவிட்டு, மறுபடி இறக்கினாள். அக்சிலியாவுக்கு அன்றைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முப்பத்தெட்டு என்று எழுதியிருந்த பலகையைப் பார்த்து எண்ணை மனதில் வைத்துக்கொண்டதும் அவள்தான். பாவாயிக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. எழுபதாவது வளைவில் மூடிய கண்ணை அடிவாரம் காரவள்ளியில்தான் திறந்தாள். மூக்கில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தைத் தவிர அன்றைக்கு அவளுக்கு வேறெதுவும் தெரியாது. கோபத்தில் அனிதாவுக்கு அது தோன்றவே இல்லை.

அந்த வியாழக்கிழமை டீயை ஆற்றிக் கொடுத்தபடியே அக்சிலியா சங்ககிரிப் பெண்களிடம் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்தது. “தைரியம்னா அப்படி ஒரு தைரியம்! உங்க லாரி டிரைவருங்ககூட அன்னைக்கு அந்த எடத்துல தடுமாறியிருப்பாங்க.” லாரி வைத்திருக்கிறவர்கள் என்பதால் இதைவிடப் பெரிய சிபாரிசு வேறு இருக்க முடியாது என்று நினைத்துத்தான் சொன்னாள். அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அசந்துபோய்விட்டார்கள் என்று அக்சிலியா சந்தோஷப்பட்டாள். பெருமை தாங்காமல் இன்னொரு டம்ளர் டீயும் ஊற்றினாள்.

“என்ன அக்சிலியா, ஒரு மாதிரி ஆயிட்ட?” என்றாள் அனிதா.

“வெயில்” என்றாள் அக்சிலியா. மண்டபத்துக்குள் வெயில் இல்லை.

அடுத்த படிகளை அவள் எப்படி ஏறினாள் என்பது அவளுக்கே தெரியாது. முன்னால் பாவாயியின் வெடித்த குதிகால்கள் ஏறிக்கொண்டிருந்தன. இந்த அக்காவை மாட்டிவிடத்தானே கூட்டி வந்தேன் என்று நினைத்தாள். கூடவே, பழக்கதோஷத்தில், தப்பிக்கிற வழியும் தானாகவே வந்து நின்றது. அனிதா கேட்டது குறை சொன்னாயா என்றுதானே? குறை சொல்லவில்லை என்று எந்தப் படியிலும் நின்று சொல்லலாம். பொய்யாகாது. சாமி குத்தமும் இல்லை, ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவும் ஒன்றுமில்லை. பாலிசிப் பத்திரத்தில் பொடி எழுத்தில் இருப்பது மாதிரி எல்லாம் சரியாகவே இருந்தது.

அறுபதாம்படி வந்தது. பாவாயி செருப்பில்லாத கால்களைச் சேர்த்து வைத்து நின்றாள். கற்பூரத்தை ஏற்றினாள். காற்றுக்கு இரண்டு முறை அணைந்து மூன்றாம் முறை பிடித்தது. மேலே போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் என்னவோ ஏதோ என்று ஒதுங்கி நடந்தது.

“அர்த்தநாரி சாமி, இந்தப் புள்ளையப் பத்தி நானு யாரு ஊட்டுலயும் ஒரு சொல்லு சொன்னதில்ல. என்ற கிட்ட யாரும் வந்து கேக்கவுமில்ல. பொய்யா இருந்தா என்ற காடு கரை எதும் எனக்குத் தங்க வேண்டாம்.”

சொல்லிவிட்டுக் கும்பிட்டு நகர்ந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை. கண்தான் நிறைந்திருந்தது.

அடுத்தது அக்சிலியா. அவள் படியில் ஏறி நின்றாள். சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இதைச் சொல்லிவிட்டால் பாவாயியின் சத்தியமும் அவளுடைய சத்தியமும் சரிக்குச் சரியாக நிற்கும். அதற்கப்புறம் அனிதா யாரை நம்புவாள் என்பதும் அக்சிலியாவுக்குத் தெரியும். அந்தப் பக்கம் திரும்பினாள். பாவாயி தலையை நிமிர்த்தியபடி, இவள் என்ன சொன்னாலும் நம்பத் தயாராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆணையிடக் கூடாதுன்னு எங்க ஃபாதர் சொல்வாரு” என்று ஆரம்பித்தாள் அக்சிலியா. “அதனால சும்மாவே சொல்றேன். அது நான்தான் அனிதா. அவங்க எங்க வீட்டுக்குத்தான் வந்தாங்க. முப்பத்தெட்டாவது வளைவு, லாரிக்காரர் சல்யூட் எல்லாம் நான் சொன்னதுதான். பெருமைன்னு நெனச்சுச் சொன்னேன். குறைன்னு இப்ப நீ சொன்ன பின்னாடிதான் தெரிஞ்சுது.”

அனிதா ஒரு கணம் புரியாமல் நின்றாள். புரிந்ததும் முகம் சிவந்துபோனது.

“நீயா? அன்னிக்கே கேட்டனே உன்ன! ரெண்டு வாரமா இந்த அக்காகூட நான் பேசல. அவங்க குடுத்தனுப்புன காய எடுத்து உள்ள வெக்கல. அப்பவும் நீ வாயத் தொறக்கல!”

“யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. நான் சொன்னதுல தப்பே இல்லைன்னு வேற நெனச்சேன்.”

“அப்ப என்னைய மாட்டி வுடத்தான் இங்க கூட்டியாந்தியா சாமி?” என்றாள் பாவாயி. சத்தம் போடாமல் கேட்டாள்.

“ஆமாக்கா” என்றாள் அக்சிலியா. “அதுக்குத்தான்.” அழுகை வந்துவிட்டது. இத்தோடு எல்லாம் போயிற்று என்று நிச்சயமாகத் தெரிந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

பாவாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “செரி, அது ஆச்சு. எனக்கு ஒண்ணுதான் வெளங்கல. லாரி வெச்சு பொழைக்கறவங்களுக்கு வண்டி ஓட்டத் தெரிஞ்ச புள்ள எப்பிடி ஆகாமப் போகும்? அதுக்கு மேல என்னமோ இருக்குது. மூணு பேருன்னுதான பேச்சு? இன்னும் ஒருத்தர் பாக்கி இருக்காங்களே.”

கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அனிதா அதைப் பார்த்தாள். தன்னை யாரும் கேட்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் அவள் இத்தனை படி ஏறி வந்திருந்தாள். படியில் கால் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

“அவங்க பொண்ணு பாக்க வந்தப்ப வாசல்ல கார் நின்னுச்சு. பொண்ணு ஓட்டுமான்னு கேட்டாங்க” என்றாள். “ஸ்கூட்டரே தொட மாட்டாள்னு சொல்லிட்டேன். காரு டிரைவர் போட்டு ஓட்டறதுன்னேன். அப்பன் இல்லாத புள்ள, தறி ஓட்டற ஊடு, இதுல காரு ஓட்டுதுன்னு வேற தெரிஞ்சா திமிருன்னு நெனப்பாங்களோன்னு பயமா இருந்துச்சு. நான் சொன்னது ஒண்ணு, அக்சிலியா சொன்னது ஒண்ணு. ‘பெத்தவளே மறைக்கறாள்னா இன்னும் என்னென்ன இருக்குதோ?’ன்னு கேட்டுத்தான் வேண்டாம்னுட்டாங்க. தனபால் அண்ணன் அதையும் சொன்னாரு. அத மட்டும் நான் முழுங்கிட்டேன்.”

பள்ளிபாளையம் எல்லையில் கார் ஏன் ஒவ்வொரு முறையும் நின்றது என்று அக்சிலியாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

யாரும் திரும்பிப் பார்க்கத் துணியாத இடத்தில், இரண்டு படி கீழே, கிருத்திகா தண்ணீர்ப் பையோடு நின்றிருந்தாள்.

“எனக்குத் தெரியும்மா” என்றாள். “நீ சொல்லும்போது நான் உள் ரூம்லதான் இருந்தேன். நான் செஞ்ச ஒரு காரியத்த நீ இல்லைன்னு சொன்னது அன்னைக்கு ரொம்ப வலிச்சுது. கௌசிக் அம்மா, ‘ஒன்னோட பழகறவங்க யாரு கண்ணு?’ன்னு போன்ல கேட்டாங்க. பாவாயி பெரியம்மா பேரச் சொன்னா, நீ கேட்டுக்கிட்டேன்னு அவங்க மறைச்சாலும் மறைப்பாங்க. அதனால அக்சிலியா ஆன்ட்டி அட்ரஸக் குடுத்தேன். ஆன்ட்டிக்கு மறைக்கத் தெரியாது. எல்லாம் தெரிஞ்சும் வந்தா வரட்டும்னு நெனச்சேன். வரல. அவ்வளவுதான். பெரியம்மா மேல பழி விழுந்தப்பவே நான் சொல்லியிருக்கணும், உன்னைக் காட்டிக்குடுக்க மனசு வரல. அந்த எடம் போனதுல எனக்கு வருத்தம் ஒண்ணுமில்ல.”

கடைசி வாக்கியத்தை அவள் தன் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள். அனிதா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேலே கோயில் மணி அடித்தது. ஆட்கள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தார்கள். கற்பூரம் எரிந்து தீர்ந்து கல்லில் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் மிஞ்சியது.

பிறகு அனிதா இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். தனபாலை அழைத்தாள். ஸ்பீக்கரில் போடாமலேயே அவருடைய குரல் எல்லோருக்கும் கேட்டது.

“அண்ணா, அனிதா பேசறனுங்க. கெங்கவல்லிப் பக்கம் ஒரு எடம் இருக்குதுன்னீங்களே. ஆமாங்க. மொதல்லயே சொல்லிருங்க, பொண்ணு காரு ஓட்டும். ஊருக்குள்ளயும் ஓட்டும், கொல்லிமலையிலயும் ஓட்டும். மழையில பின்னாலயும் ஏத்தும். இது புடிக்கலீன்னா ஜாதகமே வேண்டாமுங்க. விசாரிக்கோணும்னா சேலத்துல அக்சிலியான்னு என்ற சினேகிதி ஒருத்தி இருக்கறா. நேரா அவ ஊட்டுக்கே போகச் சொல்லுங்க. என்ன கேட்டாலும் உள்ளத உள்ளபடி சொல்லுவா. அட்ரஸ எழுதிக்கறீங்களா?”

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, “கதவு நம்பர் என்ன?” என்று கேட்டாள்.

அக்சிலியா வாயைத் திறந்தாள். அதற்குள் மறுபடி அழுகை வந்து கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பாவாயிதான் எட்டி, அனிதாவின் கையோடு போனைத் தன் வாய்க்குப் பக்கத்தில் இழுத்தாள். “பதினேழு பார் ரெண்டுங்க. சர்ச்சுக்குப் பின்னாடி சந்து. மாடி வீடு, படி செங்குத்தா இருக்கும், வாரவங்களப் பாத்து ஏறச் சொல்லுங்க.”